நெஞ்சு மாத்திரை

மெத்தைக்காரருக்கு ஒரு குணம். எந்தக் காரியமானாலும் தேவைக்கு மேல் ஒரு பிடி சேர்த்துச் செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு மெத்தைக்கு இவ்வளவு பஞ்சு போதும் என்று அளவு இருக்கும். அவர் அதற்கு மேலும் இரண்டு கை அள்ளி மூலையில் திணித்துவிட்டுத்தான் வாயைத் தைக்கக் கொடுப்பார். "நாளைக்கு அமுங்கிடும். இப்பவே போட்டு வெச்சா நல்லதுதானே" என்பார். வாங்கிக்கொண்டு போனவர்கள் படுக்க முடியவில்லை, முதுகில் முட்டுகிறது என்று திருப்பி எடுத்து வந்ததும் உண்டு. அப்போதாவது மனுஷன் திருந்தினாரா என்றால், அதுதான் இல்லை. அப்படிப்பட்டவர், மனைவியின் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பாரா?

விஷயம் இதுதான். மனைவியின் தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். அக்கா மெத்தை தைத்த கூலியில் படித்தவன். அங்கே போய்க் காலூன்றியதும் அவன் செய்த முதல் காரியம், அக்கா குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்த நாட்டு அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டதுதான். கூடப்பிறந்தவர்களுக்கான வரிசை சாமானியத்தில் நகராது. அவன் எழுதிப் போட்டபோது இவர்களுடைய ஒரே மகள் பஞ்சு மூட்டை மேல் ஏறிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வரிசை நகர்ந்து இவர்கள் முறை வருவதற்குள் அவள் கல்லூரியே முடித்துவிட்டாள். ஆனாலும் வீட்டில் இன்னும் பாப்பாதான்.

அந்தப் பாப்பாவால்தான் இத்தனை அவசரமும். இருபத்தொரு வயது முடிவதற்குள் அங்கே போய் இறங்கிவிட்டால் அவள் அம்மாவோடு சேர்ந்த பிள்ளை. ஒரு நாள் தாண்டினாலும் தனி ஆள். பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

"எல்லாம் அக்கா பேர்லதான் இருக்கு மாமா," என்று மச்சான் போனில் படித்துப் படித்துச் சொன்னான். "அக்காவுக்குக் கிடைச்சா உங்களுக்கும் பாப்பாவுக்கும் கிடைச்ச மாதிரி. அக்காவுக்கு நின்னா எல்லாருக்கும் நின்னுடும். முதல்ல மெடிக்கல், நெஞ்சைப் படமெல்லாம் எடுப்பாங்க. அது முடிஞ்சாத்தான் இன்டர்வியூ. ரெண்டு எடத்துலயும் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம். பொய்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் கதவைச் சாத்திடுவான்."

"நான் எதுக்குடா பொய் சொல்றேன்," என்றாள் அக்கா. "எனக்கு உண்மையே பாதி மறந்துபோச்சு."

அவளுக்குப் போகவே இஷ்டமில்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. காலையில் கதவைத் திறந்தால் தெருவே அவள் வீடு மாதிரி. பால்காரரிலிருந்து தபால்காரர் வரை அவளிடம் இரண்டு வார்த்தை பேசாமல் தாண்ட மாட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத ஊரில் போய் என்ன செய்வது? பாப்பாவுக்காகத்தான் தலையை ஆட்டினாள். காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிற படிப்பு ஒன்று இருக்கிறதாம், அதில்தான் பாப்பாவுக்கு உயிர். மாமா இருக்கும் ஊரிலேயே அதற்குக் கல்லூரி இருந்தது. போகத்தானே போகிறோம் என்று, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்த வேலையைக்கூட அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலமானால் கடையில் இன்டர்வியூ ஒத்திகை நடக்கும். பாப்பா தையல் மெஷினுக்குப் பின்னால் நாற்காலி போட்டு அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொள்வாள். அம்மா எதிரே கீழே உட்கார்ந்து உறைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருப்பாள்.

"உங்க தம்பி என்ன வேலை பார்க்கறாரு?"

"ஏண்டி, உனக்குத் தெரியாதா?"

"அம்மா, நான் இப்போ அதிகாரி."

"சரி அதிகாரி. அவன் பெரிய கடைங்களுக்குச் சாமான் ஏத்தி இறக்கற கிடங்குல மேஸ்திரி."

"மேஸ்திரி இல்லம்மா, மேனேஜர்."

"ஆள் வெச்சு வேலை வாங்கறவன் மேஸ்திரிதானே?"

"உங்க வீட்டுக்காரரை எப்போ கல்யாணம் பண்ணிக்கிட்டீங்க?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்கறே?"

பஞ்சு அடிக்கிற மெஷினை நிறுத்திவிட்டு மெத்தைக்காரர் சிரிப்பார். மெஷின் நின்ற பிறகும் பஞ்சுத் தூசி அடங்க வெகுநேரமாகும். கண் இமை, டீ டம்ளர், தண்ணீர்ப் பானை மூடி என்று அது போய் உட்காராத இடமில்லை. சிரித்துக்கொண்டிருந்தவள் அந்தத் தூசியில் இருமத் தொடங்கினால் லேசில் நிற்காது. அவள் இருமும்போதெல்லாம் மெத்தைக்காரருக்குச் சிரிப்பு நின்றுவிடும். படத்தில் ஏதாவது தெரிந்துவிட்டால்?

ஒரு நாள் மதியம் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் மருந்துக்கடைக்குப் போனார். கடைக்காரரை எல்லோரும் கம்பவுண்டர் என்பார்கள். எந்த டாக்டரிடமும் அவர் வேலை பார்த்ததில்லை. கண்ணாடியும் வெள்ளைச் சட்டையும் வாங்கிக் கொடுத்த பட்டம் அது.

"சளியில ரத்தம் வருதா?" என்றார் கம்பவுண்டர்.

"அதெல்லாம் இல்லை."

"காய்ச்சல்? இளைச்சுப் போயிருக்காங்களா?"

"அவளா? நல்ல ஆளைக் கேட்டீங்க போங்க. வெறும் இருமல்தான். பஞ்சுக்கடையில இருமாதவங்க யாரு?"

"அப்போ எதுக்கு மருந்து? வேணும்னா ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

"டாக்டர் படம் எடுப்பாரு. எதாவது இருந்துட்டா அது எழுத்துல ஏறிடும். கப்பல்காரனுக்குக் குடுத்தீங்களே, அதைக் குடுங்க."

கப்பல்காரன் இதே தெருவில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தவன். கப்பலில் வேலை கிடைத்து, அதற்கு நெஞ்சைப் படம் எடுக்க வேண்டுமென்றபோது, ஒரு மாதம் சிவப்பு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனான். படம் சுத்தமாக வந்தது. அன்றிலிருந்து மெத்தைத் தெருவில் அதுதான் வேதம். யாருக்கு எந்தக் கம்பெனியில் படம் எடுப்பதென்றாலும் முதலில் சிவப்பு மாத்திரை. அவன் நெஞ்சு முன்னாலும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும் என்று யோசிக்க அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை.

"இது காசநோய்க்குக் குடுக்கறதுங்க," என்று கம்பவுண்டர் இழுத்தார்.

"எதுக்குக் குடுத்தா என்ன? நெஞ்சைச் சுத்தம் பண்ணுதா இல்லையா?"

"பண்ணும்தான்."

"அப்போ குடுங்க."

கொடுத்துவிட்டார். வியாபாரி எத்தனை முறைதான் வேண்டாமென்பார்?

மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு இது?"

"நெஞ்சு மாத்திரை. காலையில வெறும் வயித்துல போட்டுக்கோ. படம் எடுக்கறப்போ பளிச்சுனு இருக்கும்."

"என் நெஞ்சுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லை. இருந்தாலும் போட்டு வெச்சுக்கோயேன்."

போட்டுக்கொண்டாள். இரண்டாம் நாளே சிறுநீர் சிவப்பாகப் போகிறதென்று பயந்துபோய்ச் சொன்னாள். அவர் கம்பவுண்டரிடம் ஓடினார். இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்று அவர் சொன்னதும் மெத்தைக்காரருக்கு ஒரே சந்தோஷம். "வேலை செய்யுது. உள்ள இருக்கற அழுக்கெல்லாம் இறங்குது," என்று மனைவியிடம் வந்து சொன்னார். அவளும் நம்பினாள். பாப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

மெடிக்கல் நாளன்று மூவரும் விடிந்ததும் குளித்துக் கிளம்பினார்கள். விசாவுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆஸ்பத்திரி அது. நடைபாதை நீளத்துக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகள். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பை, எல்லார் முகத்திலும் பரீட்சைக் களை. எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். படம் எடுக்கிற அறையில் அவளுக்கு முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கி கொடுத்தார்களாம். வெளியே வந்து மகளிடம் சொல்லிச் சிரித்தாள். "தச்சவனுக்குக் கை சுத்தமில்லை. அக்குள்ல பிரிஞ்சு தொங்குது. ஊசி இருந்தா நானே ரெண்டு தையல் போட்டிருப்பேன்."

அப்புறம் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துக் கழிவறைக்கு அனுப்பினார்கள். கொண்டுவந்து கொடுத்த குப்பியைப் பரிசோதனைக்காரப் பெண் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்ன மாத்திரைம்மா சாப்பிடறீங்க?"

தம்பி போனில் சொன்னது அம்மாவின் காதில் ஒலித்திருக்க வேண்டும். பொய் மட்டும் வேண்டாம். பையைத் திறந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். "இதாங்க. நெஞ்சு மாத்திரை. எங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தாரு."

அந்தப் பெண் அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு வயதான அம்மாள். முன்னால் இருந்த திரையில் நெஞ்சுக்கூடு ஒன்று வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

"இதான் உங்க படம்," என்றார். "நல்லா சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூட இல்லை."

மெத்தைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களா டாக்டர்," என்று மனைவியின் பக்கம் பெருமையாகத் திரும்பினார். "நான் சொன்னேன்ல?"

டாக்டர் சிரிக்கவில்லை. மாத்திரை அட்டையை மேஜை மேல் வைத்தார்.

"இதை யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதிக் குடுக்கலை. நான்தான் வாங்கினேன். எங்க தொழில்ல இது வழக்கம்ங்க. படத்துக்கு முன்னாடி போட்டுக்குவோம்."

"இவங்களுக்குக் காசநோய் வந்திருக்கா?"

"ஐயோ, இல்லைங்க."

"காசநோய் இல்லாதவங்க ஏன் காசநோய் மாத்திரை சாப்பிடணும்? நான் இதை எப்படி எடுத்துக்கறது? இருந்ததை மறைக்கச் சாப்பிட்டாங்கன்னும் எடுத்துக்கலாம் இல்லையா?"

மனைவி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்திரையை நிறுத்தணும்," என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் விட்டு, மூணு நாள் காலையில சளி எடுத்துக் குடுக்கணும். அதுல கிருமி வளருதான்னு பார்ப்பாங்க. வளரலைன்னு உறுதியானாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆகும்."

"டாக்டர், அவ்வளவு நாள் தாங்காதுங்க. பிள்ளைக்கு வயசு தாண்டிடும்."

"எனக்குப் புரியுது."

"படம்தான் சுத்தமா இருக்கே. நீங்களே சொன்னீங்களே."

"நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா நான் நம்பறதை எல்லாம் எழுதி அனுப்ப முடியாது. இந்த மாத்திரையை மட்டும் குடுக்காம இருந்திருந்தீங்கன்னா, இன்னைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, அடுத்தவரை அனுப்பச் சொல்லி மணியை அழுத்தினார்.

நடைபாதையில் பாப்பா எழுந்து நின்றாள். அப்பா சொல்லத் தொடங்கி, திக்கி, முடிப்பதற்குள் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள்.

"அப்போ என் பிறந்த நாள் தாண்டிடும்," என்றாள். பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம் தண்ணீர் குடிக்கிறேனென்று போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

மச்சானுக்குப் போன் போட்டார்கள். "மாமா, உங்களை யாரு..." என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். மறுநாள் அவனே கூப்பிட்டு, வக்கீலைக் கேட்டதாகச் சொன்னான். பாப்பா பேரை இனிமேல் தக்கவைக்க வழியில்லை. அக்கா வந்து சேர்ந்த பிறகு, அக்காவே மகளுக்காகத் தனியாக எழுதிப் போடலாம். அதற்கும் ஒரு வரிசை உண்டு. எத்தனை வருஷமாகும் என்று வக்கீலுக்கே தெரியாது. அதுவரை பாப்பா கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, செய்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

"அப்போ அக்கா வந்தே ஆகணுமாடா?" என்று கேட்டாள் அக்கா.

"வந்தாத்தான்க்கா எதுவும் நடக்கும்."

போகவே விரும்பாதவள் போயே ஆக வேண்டும், ஆசைப்பட்டவள் இங்கேயே இருக்க வேண்டும். இப்படி ஒரு கோணல் கணக்கு யாருக்காவது வாய்க்குமா?

மெத்தைக்காரர் திட்டு வாங்கக் காத்திருந்தார். அவர் மனைவி திட்டுவதில் சாதாரணப்பட்ட ஆளில்லை. நூல் கண்டு ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போனாலும் அவர் பரம்பரையையே இழுத்துப் போட்டுத் துவைத்துக் காயப்போடுவாள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். திட்டி முடித்த கையோடு டீ போட்டும் கொடுப்பாள். அந்த மனுஷி இந்த விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள், தைத்து முடித்த உறைகளை மடித்து வைத்தாள், விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னபடி இருமி இருமிச் சளி எடுத்துக் கொடுத்தாள். கூடவே போன அவர் கதவுக்கு வெளியே நின்று அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

மழைக்காலம் வந்துவிட்டது. நனைந்த பஞ்சை அடிக்க முடியாது, கடையில் வேலையும் இல்லை. பாப்பாவின் பிறந்த நாள் அப்படியொரு மழை நாளில்தான் வந்தது. அவர் எடுத்துக் கொடுத்த புதுத் துணியை உடுத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"நல்லா இருக்குப்பா," என்றாள்.

"பாப்பா, அப்பா மேல கோபமா?"

"இல்லைப்பா."

"இருந்தா சொல்லிடு கண்ணு."

"எனக்கு அந்த வேலையை விட்டதுதான்ப்பா கஷ்டமா இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல வேற ஆள் எடுத்துட்டாங்களாம். நேத்து போய்க் கேட்டேன்."

சொல்லிவிட்டுப் புதுத் துணியை அம்மாவிடம் காட்ட உள்ளே போனாள்.

சளியில் ஒன்றும் வளரவில்லை. வளர்வதற்கு அங்கே என்ன இருந்தது? டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். இன்டர்வியூவுக்கு நாள் குறித்தார்கள்.

பாப்பாவும் கூட வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும், அம்மா பதற்றப்படுவாள் என்று வந்தாள். வாசலில் நின்று அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "மேஸ்திரின்னு சொல்லாதே," என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. பக்கத்தில் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு பெண். தம்பி பேர் என்ன, என்ன வேலை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். இத்தனை மாதம் பயந்துகிடந்த இன்டர்வியூ, டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதிகாரி எதையோ பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"மகளுக்கு வயது கடந்துவிட்டது. தெரியுமா என்று கேட்கிறார்," என்றாள் அந்தப் பெண். "வருத்தமாக இருக்கிறது என்றும் சொல்லச் சொன்னார்."

"தெரியும்ங்க," என்றாள் மெத்தைக்காரரின் மனைவி.

"நீங்கள் இருவரும் சேர்ந்துதானே பயணம் செய்கிறீர்கள்?"

மெத்தைக்காரர் ஆமாம் என்று வாயெடுத்தார். பாப்பாவைத் தெரிந்தவர் வீட்டு மாடியில் தங்கவைப்பதென்றும், அங்கே போய்த் தானும் ஏதாவது வேலை பார்ப்பதென்றும் அவராகவே எல்லாம் நினைத்துவைத்திருந்தார்.

"இல்லைங்க," என்றாள் அவள். "நான் மட்டும்தான் போறேன். அவரு பிள்ளைகூட இருக்கட்டும். பின்னாடி வந்துக்கலாமா?"

அந்தப் பெண் அதிகாரியிடம் கேட்டுவிட்டு, வரலாம் என்றாள்.

வெளியே வந்து சாலையைக் கடந்தார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு சுவரோரம் நிழல் இருந்தது. பாப்பா தள்ளி ஒரு கடையில் டீ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார்.

"உள்ள போற வரைக்கும் எனக்கே தெரியாது."

"பிள்ளையைத் தனியா விடக் கூடாது. அதுதானே? அது சரிதான்."

"அதுவும்தான்."

"வேற என்ன?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த டாக்டரம்மா சொன்ன அன்னையிலேருந்து உங்களைத் திட்டணும்னு வாயைத் திறக்கறேன். வரமாட்டேங்குது. கெட்ட எண்ணத்துல செஞ்சிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். நல்லதுக்குன்னு செஞ்ச ஆளை என்னன்னு திட்டறது? ஆனா உங்க மூஞ்சியைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு அந்த மாத்திரைதான் ஞாபகம் வருது. ஒரு தடவை வாய்விட்டுத் திட்டித் தீர்த்திருந்தேன்னா ஆறியிருக்கும். உங்களையும் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன்."

"இப்போ திட்டு," என்றார் அவர். "இங்கயே திட்டு. யாரு கேட்டா என்ன? நான் நின்னு வாங்கிக்கறேன். திட்டிடேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். உதடு அசைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டி நின்றார்.

"சட்டையில பஞ்சு ஒட்டியிருக்கு," என்றாள் கடைசியில். அதைத் தட்டிவிடக் கையை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, கையை மடக்கிக்கொண்டு மகள் இருந்த பக்கம் நடந்தாள். அவர் அங்கேயே நின்று தானே தட்டிக்கொண்டார்.